பழகிப் பார்க்க ஓர் ஆள்

வலது கால் போன பிறகும் ஊர் அவரை டிரைவர் என்றே கூப்பிட்டது. அதை மரியாதை என்று அவர் முதலில் நினைத்தார். கொஞ்ச நாள் கழித்து, மாற்றுப் பெயர் தேடச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டார்கள் என்று புரிந்தது.

கால் போன விதத்தை நினைத்தாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, பின் டயரில் காற்று இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தபோது பின்னால் வந்த லாரி உரசிக்கொண்டு போய்விட்டது. "ஓட்டும்போது போயிருந்தா ஒரு கணக்கு. நிறுத்திட்டு இறங்கினவனுக்குப் போச்சே" என்று ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். முட்டிக்கு மேலே எடுத்தார்கள். பிறகு தோல் வாரும் பெல்ட்டும் வைத்த செயற்கைக் கால் ஒன்று கொடுத்தார்கள். அது நடக்கும்போது கதவுக் கீல் மாதிரி முனகும்.

மாதாமாதம் உதவித்தொகை வரவேண்டும் என்றால் வாரம் ஒரு தடவை கவுன்சலிங் போகவேண்டும் என்றார்கள். காசு வாங்காமல் கவுன்சலிங் கொடுக்கிற இடம் பல்கலைக்கழகத்தில் ஒன்று இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஆலோசனை சொல்கிறவர்களை உருவாக்கும் முதுகலைப் படிப்பு. படிக்கிறவர்கள் பழகிப் பார்க்க நிஜ ஆட்கள் வேண்டுமே. அப்படி டிரைவர் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அந்த அறையில் எதிரெதிரே இரண்டு சோபா நாற்காலி. நடுவில் குட்டி மேஜை, அதில் மைக், டிஷ்யூ பெட்டி. மூலையில் தூசி படிந்த பிளாஸ்டிக் செடி. ஒரு பக்கச் சுவர் பூராவும் கண்ணாடி. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம்தான் தெரியும். அந்தப் பக்கம் இருட்டில் பேராசிரியையும் மற்ற மாணவர்களும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்ப்பார்கள், கேட்பார்கள், வீடியோ எடுப்பார்கள். சம்மதம் என்று டிரைவர் முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

முதலில் கிடைத்தவன் படிய வாரிய தலையோடு ஒரு பையன். சொல்லிக் கொடுத்தபடி உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து உட்கார்ந்தான்.

"உங்க கோபம் எனக்குப் புரியுது சார்."

"எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லியே தம்பி."

"கோபம் இல்லைன்னு சொல்றதும் ஒரு வகைக் கோபம்தான் சார்."

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்தப் பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். விபத்துக்குப் பிறகு அவர் பேச்சை யாரும் அப்படிக் குறுக்கிடாமல் கேட்டதில்லை. மூன்றாவது வாரம் டயரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் உடைந்து அழுதுவிட்டார். பையன் டிஷ்யூ பெட்டியை ஒரு சாண் நகர்த்தி வைத்தான். அன்றிரவு டிரைவர் நன்றாகத் தூங்கினார்.

பருவம் முடிந்ததும் பையன் கை குலுக்கினான்.

"அப்ப அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் வேற ஒருத்தர் வருவாங்க சார். நான் பாஸ் ஆயிட்டேன்."

வேறு ஒருத்தி வந்தாள். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றாள். டிரைவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவளும் பாஸானாள். அதற்கடுத்து வந்தவனுக்கும் முதலிலிருந்து. அதற்குள் அவருக்குக் கதை கைவந்துவிட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் எதிரே இருப்பவர் எச்சில் விழுங்குவார், எந்த இடத்தில் தொண்டை அடைக்கவேண்டும், எத்தனையாவது வாரம் கொஞ்சம் நம்பிக்கை காட்டினால் கண்ணாடிக்குப் பின்னால் மகிழ்ச்சி பரவும் என்றெல்லாம் அத்துப்படி. "நம்ம டிரைவர் ஒரு பாடப்புத்தகம்" என்று பேராசிரியை வராந்தாவில் எல்லார் முன்னாலும் சொன்னார். ஸ்டியரிங் பிடித்த காலத்துக்குப் பிறகு, தான் ஒரு வேலையில் கெட்டிக்காரன் என்று டிரைவருக்குத் தோன்றியது அப்போதுதான்.

வீட்டில் வாய் திறக்கமாட்டார். மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். பிளீச்சில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். வந்ததும் சமைத்து, மகளைப் படிக்க உட்காரவைத்து, இவரைத் தாங்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி முடிப்பதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போகும்.

"அங்க போய் மணிக்கணக்காப் பேசறீங்களாம். இங்க சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னுகூட சொல்லமாட்டேங்கறீங்க" என்றாள் ஒரு நாள், குளிப்பாட்டும்போது.

"அங்க கேக்கறாங்க."

"நான் கேக்கலையா?"

"நீ கேக்கறது வேற."

சோப்பு நுரையை அவர் தலையில் வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தாள்.

நான்காவதாக வந்தவள் மற்றவர்களைவிட மூத்தவள், முப்பது தாண்டியிருக்கும். நூலக வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். இரண்டு காதிலும் கருவி மாட்டியிருந்தாள். அது நன்றாகத் தெரியும்படி முடியை இழுத்துப் பின்னியிருந்தாள். உட்கார்ந்ததும் முதல் பேச்சே அதுதான்.

"எனக்குக் காது மந்தம் சார். கருவி இருந்தாலும் பாதிதான் கேக்கும். மீதிய உங்க வாயப் பாத்துப் புரிஞ்சுப்பேன். முகத்தைக் காட்டிப் பேசுங்க, போதும்."

எதையும் இரண்டு தடவை கேட்பாள் என்பதால் வகுப்பில் அவளுக்கு 'ரிப்பீட்டு' என்று பெயர். அவள் முதுகுக்குப் பின்னால் அதைச் சத்தமாகவே சொல்வார்கள். டிரைவரும் ஒரு தடவை வராந்தாவில் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

அவளிடமும் டிரைவர் தன் கதையை எடுத்து விட்டார். டயர், லாரி, மயக்கம் தெளிந்து போர்வைக்கடியில் கையால் தடவிப் பார்த்தது. வழக்கமான இடத்தில் குரல் கம்ம, தலை குனிந்தார்.

"தலையத் தூக்கிச் சொல்லுங்க சார். கேக்கல."

டிரைவர் தலையைத் தூக்கினார். அந்த அழுகையைத் தலை நிமிர்ந்து அழ வரவில்லை. இன்னொரு தடவை முயன்று பார்த்தார். மூஞ்சி கோணியதுதான் மிச்சம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குபீரென்று சிரிப்பொலி சுவரைத் தாண்டிக் கேட்டது. டிரைவருக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

"சரி, விடுங்க. அழுகைய அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். "வீட்டுல குளிக்கறது எப்படி? யார் தூக்கி விடறா?"

இதுவரை யாரும் அவரிடம் குளியலறையைப் பற்றிக் கேட்டதில்லை. அவள் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனாள். கட்டில் எந்தப் பக்கம், வாசற்படி என்ன உயரம், நாள் பூரா என்ன செய்கிறீர்கள். மனைவியைப் போனில் கூப்பிட்டுப் பேசினாள். ரிப்பீட்டு சொன்னபடி மனைவியின் தம்பி வந்து குளியலறைச் சுவரில் கெட்டியான இரும்புக் கைப்பிடி ஒன்றைப் பொருத்தினான். மறுநாள் காலை டிரைவர் தனியாகக் குளித்தார். மனைவி வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் வேலைக்குப் போகும்போது பாட்டு முணுமுணுத்ததாக மகள் சொன்னாள். டிரைவர் அடுத்த வாரம் ரிப்பீட்டிடம், "ஏதோ பரவாயில்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அவரைத் தூக்கிவாரிப் போட்டது அதற்குப் பிறகு வந்த செய்திதான். அவள் தானாகவே பஸ் டெப்போவுக்குப் போய் மேனேஜரைப் பார்த்திருக்கிறாள்.

"டைம் கீப்பர் வேலை. உக்காந்து செய்யறதுதான். எந்த பஸ் எப்ப கிளம்பணும்னு சொல்லணும். உங்களுக்கு ரூட்டெல்லாம் மனப்பாடம்னு சொன்னேன். சரின்னுட்டார். ரெண்டு வாரத்துல உங்க முடிவச் சொல்லணும்."

டிரைவர் சிரித்து வைத்தார். வேலைக்குப் போனால் உதவித்தொகை நிற்கும். அதுகூடப் பெரிதில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, நேற்று வந்த பொடியன்கள் தன் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கவேண்டும். அப்புறம் இந்தச் சோபா இருக்காது. இந்தக் கண்ணாடி இருக்காது. பாடப்புத்தகத்தை மூடி எங்கேயோ வைத்துவிடுவார்கள். இத்தனைக்கும் காரணம், இவர் அழுகைக்குக் கொஞ்சம்கூட அசையாத இந்தச் செவிட்டுப் பெண். மனசுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

அவளுடைய இறுதித் தேர்வு வந்தது. டிரைவரோடு பேசுவதுதான் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளரும் வந்திருந்தார். உள்ளே போகுமுன் பேராசிரியை டிரைவரிடம் நலம் விசாரித்தார்.

"அந்தப் பொண்ணு எப்படி மேடம்?" என்று டிரைவர் பேச்சுக்குக் கேட்டார்.

பேராசிரியை குரலைத் தாழ்த்தினார். "திறமைசாலிதான். ஆனா கவுன்சலருக்குக் காதுதானே எல்லாம். எங்களுக்கும் சங்கடமா இருக்கு. ஏதாவது சொல்லப்போனா, ஊனத்தைப் பாத்து ஒதுக்கறோம்னு பேச்சு வரும்."

டிரைவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

ரிப்பீட்டு அன்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தாள். கை விரல்களைக் கோத்துக் கோத்துப் பிரித்தாள். கொஞ்ச நேரம் வீட்டைப் பற்றிப் பேசிவிட்டு, விஷயத்துக்கு வந்தாள்.

"டெப்போ வேலையப் பத்தி என்ன யோசிச்சீங்க சார்?"

"முடிவு பண்ணிட்டேன் மேடம்" என்றார் டிரைவர், தெளிவாக, முகத்தைக் காட்டி.

அவள் முகம் மலர்ந்தது. டிரைவர் நாற்காலிக் கையில் முழங்கையை ஊன்றினார். உள்ளங்கையால் மீசையையும் வாயையும் மூடிக்கொண்டார். மைக் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

"மாத்திரை எல்லாம் சேத்து வெச்சாச்சு. ஒரு நாள் மொத்தமா முழுங்கிட்டுப் படுத்துடப்போறேன்."

"கைய எடுத்துட்டுச் சொல்றீங்களா சார்?"

கையை எடுத்தார். மூக்கைச் சொறிந்தார். மறுபடியும் கையை வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி அதையே சொன்னார். அவள் உடம்பை வளைத்து எட்டிப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க. இன்னொரு தடவை?"

மூன்றாவது தடவையும் அப்படியே சொன்னார். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவள் முகம்தான் இருந்தது. இத்தனை பேர் பார்க்கும்போது மறுபடியும் கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. டிரைவர் பக்கம் திரும்பி, வாய் நிறையச் சிரித்துத் தலையாட்டினாள்.

"ரொம்ப நல்ல முடிவு சார். வீட்டுல சொல்லிட்டீங்களா? எல்லாரும் சந்தோஷப்படுவாங்க."

கதவு படாரென்று திறந்தது. பேராசிரியை, தேர்வாளர், பின்னால் நாலைந்து மாணவர்கள். ரிப்பீட்டு ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியதால் எந்த வாயைப் படிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு மாணவன்தான், முகத்துக்கு நேரே வந்து, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் வாயை அகலத் திறந்து, அவர் என்ன சொன்னார் என்பதைச் சொன்னான். அவள் டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் பிளாஸ்டிக் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு மார்க்கு குறையும், இன்னொரு பருவம் படிக்கச் சொல்வார்கள், அதற்குள் டெப்போ பேச்சு அடங்கிவிடும் என்பதுதான் டிரைவர் போட்டிருந்த கணக்கு. அந்த வாரமே அவளைப் படிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தென்று ஒருவர் சொல்லும்போது சிரித்தவளை எப்படி வைத்துக்கொள்வது என்றார்கள்.

டிரைவர் கணக்கில் சேர்க்காதது தன்னைத்தான். அன்று மாலையே ஆம்புலன்ஸ் வைத்து மனநல வார்டில் சேர்த்தார்கள். சலவைக்கூடத்திலிருந்து மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"சும்மாத்தான் சொன்னேன்" என்றார் டிரைவர்.

"யாராவது சும்மா சொல்லுவாங்களா இதை?" என்றாள் அவள்.

"நிஜமாவே சும்மாதான் டாக்டர்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் டாக்டர், பரிவாக.

வார்டிலிருந்து வந்தபோது வீடு மாறியிருந்தது. கத்தி, பிளேடு, கயிறு எதுவும் கண்ணில் படவில்லை. தொங்குவதற்குத் தோதான எதையும் விட்டுவைக்கவேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால், மச்சான் வந்து குளியலறைக் கைப்பிடியைக் கழற்றி எடுத்துப்போனான். தாழ்ப்பாளையும் கழற்றினான். மனைவி மறுபடியும் குளிப்பாட்டத் தொடங்கினாள். மருந்துப் பெட்டி அவள் பையிலேயே வேலைக்குப் போய்வந்தது. அவள் எண்ணி வைத்துவிட்டுப் போகும் பகல் மாத்திரையைக் கொடுக்கவேண்டியது மகள் பொறுப்பு. பதினைந்து வயசுப் பெண் எதிரே நின்று, "முழுங்குங்கப்பா. வாயத் திறங்க. நாக்கத் தூக்குங்க" என்பாள். கண்டிப்பாகச் சொல்ல ஆரம்பித்து அழுகையில் முடிப்பாள். தனக்கு ஒன்றுமில்லை என்று மகளிடம் எத்தனை விதமாகச் சொல்லியும் எடுபடவில்லை. மற்றவர்களை நம்பவைக்கத் தெரிந்த மனுஷருக்கு இது ஒன்றுதான் முடியாமல் போயிற்று.

டெப்போ மேனேஜர் போனில் மனைவியிடம் பேசினார். "பஸ் வந்து போற இடம்மா. எப்ப எது முன்னால விழுவார்னு நான் பாத்துட்டு இருக்க முடியுமா?" அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. உதவித்தொகை மட்டும் நிற்காமல் வந்தது.

டிரைவர் பேராசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னார். வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டது, அவளை விழவைக்க நினைத்தது, எதையும் விடவில்லை. பேராசிரியை தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டார்.

"அந்தப் பொண்ணு போனத உங்களால தாங்கமுடியல. அதனால பழிய உங்க மேல எடுத்துக்கறீங்க. உங்களுக்கு நல்ல மனசு டிரைவர்."

"மேடம், நான் பொய் சொன்னேன்."

"நாம இதைப் பத்தி நிறையப் பேசலாம். அவசரமில்ல." என்றபடி டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

அடுத்த பருவத்துக்கு வந்த பயிற்சிக்காரன் கலகலப்பான பையன். "உங்க வீடியோவ முதல் வகுப்புலயே போட்டுக் காட்டினாங்க சார். எப்படிச் செய்யக்கூடாதுங்கறதுக்கு" என்றான். அந்த அக்கா இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள் என்பதையும் அவன்தான் வாய்தவறிச் சொன்னான்.

கவுன்சலிங் முடிந்ததும் வாசலில் மச்சான் வண்டியோடு காத்திருப்பான். அன்று டிரைவர் பின்வாசல் வழியாக இறங்கி, கிடைத்த பஸ்ஸில் ஏறினார்.

கடையில் கூட்டம் இருந்தது. ரிப்பீட்டு கவுண்டருக்குப் பின்னால் நின்று, சீட்டுகளை வாங்கிப் படித்து, அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். முடியைப் பின்னவில்லை. இரண்டு காதும் மறையும்படி முன்னால் விட்டிருந்தாள். டிரைவரைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது.

"என்ன மருந்து சார்? சீட்டு குடுங்க."

"மேடம், நான்தான்... அன்னிக்கு நடந்ததுக்கு..."

அவள் கண் முதலாளி உட்கார்ந்திருந்த மேஜைப் பக்கம் போய்த் திரும்பியது.

"மெதுவா" என்றாள், உதடு மட்டும் அசைய. "மெதுவாப் பேசுங்க."

டிரைவர் அதை நிறுத்தி நிதானமாகப் பேசு என்று எடுத்துக்கொண்டார். பாவம், கேட்கவில்லை போல என்று நினைத்தார். இந்தத் தடவை ஒரு தவறும் நேரக்கூடாது. முகத்தை நேராகக் காட்டி, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"உங்களுக்கு! காது! கேக்காதுன்னு! தெரிஞ்சேதான்! நான் வாயப் பொத்திக்கிட்டுப் பேசினேன்! என்ன மன்னிச்சுடுங்க!"

மருந்து வாங்க நின்றிருந்த ஒரு பெண் தன் கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருக்குக் காது கேக்காது?" என்று முதலாளி எழுந்து வந்தார். "இங்க வா. முடிய எடு பாப்போம்."

அவள் முடியை ஒதுக்கிக் காட்டினாள். முதலாளி அவளை உள்ளே கூட்டிப்போனார். டிரைவர் நடைபாதையில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவள் கைப்பையோடு வெளியே வந்தாள். அவரைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தாள்.

"மூணாவது தடவையும் காதுல விழாமயே தலையாட்டினேன். அது என் தப்பு. அதுக்கு அனுபவிச்சுட்டேன்" என்றாள். "இதுக்கு நான் என்ன தப்பு பண்ணேன்?"

டிரைவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவள் அவர் வாயைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அவர் என்ன சொல்லியிருந்தாலும் அது அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

அவர் வீட்டுத் தெருவில் இறங்கும்போது சாயங்காலமாகியிருந்தது. வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். மச்சான் ஊரெல்லாம் தேடிவிட்டு வந்து வேர்த்துப்போய் நின்றான். மகள் அழுது முகம் வீங்கியிருந்தாள். மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"எங்க போனீங்க?"

டிரைவருக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தது.

"மருந்துக்கடைக்கு" என்றார்.

அவள் கை அவர் சட்டைப் பைக்குள் பாய்ந்தது. பஸ் டிக்கெட்டும் கைக்குட்டையும் கீழே விழுந்தன. பேன்ட் பைகளை வெளியே இழுத்துப் போட்டாள். இடுப்பைத் தடவினாள். ஒன்றும் கிடைக்காமல் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள்.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? சொல்லுங்க, எங்க?"

"ஒண்ணும் வாங்கல. சத்தியமா ஒண்ணும் வாங்கல."

"அக்கா, காலுக்குள்ள பாரு" என்று கூட்டத்திலிருந்து யாரோ சொன்னார்கள்.

மகள் அவர் தோளைத் தாங்கிப் பிடித்தாள். மச்சான் நடுத்தெருவில் மண்டியிட்டு, பேன்ட்டை மேலே சுருட்டி, செயற்கைக் காலின் வாரைக் கழற்ற ஆரம்பித்தான்.